இடது பக்கம் மங்கல்

படக்காரரின் வலது தோள் கெட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. சட்டை மாட்டும்போது வலிக்கும். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்தால் வலிக்கும். அலமாரியின் மேல்தட்டிலிருந்து எதையாவது எடுக்கப் போனால் உயிர் போகும். காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. பதினான்கு வருடமாக அவர் தூக்கிக்கொண்டு அலைந்த லென்ஸ்தான் காரணம். ஒன்றரைக் கிலோ எடை, பார்வைக்கு ஒரு பெரிய ஃபிளாஸ்க். அவர் மனைவி அதற்குக் 'குண்டன்' என்று பேர் வைத்திருந்தார்.

ஆட்களின் முகத்தை எடுப்பதுதான் படக்காரரின் தொழில். வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. ஒரு பெரிய ஜன்னல், அதற்கு வெள்ளைத் திரை, சுருட்டி வைக்கிற சாம்பல் நிறத் துணி ஒன்று, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு முக்காலி. வக்கீல், டாக்டர், வேலை தேடுகிறவர், வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர் என்று வருவார்கள். அவர்களை முக்காலியில் உட்கார வைத்துவிட்டுப் படக்காரர் பத்தடி தள்ளி நிற்பார். அங்கிருந்தே முகத்தை அருகில் இழுக்க நீள லென்ஸ் வேண்டும். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். மூக்கு பெரிதானவர் இரண்டாம் தடவை வர மாட்டார்.

போன மாதம் குண்டன் செத்துப்போனான். ஓய்வு பெறப்போகும் நீதிபதி ஒருவர் முக்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்த நேரம், லென்ஸுக்குள்ளே 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது, அதோடு சரி. ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். புதிது வாங்கியே ஆக வேண்டும் என்று ஆயிற்று.

புதிதில் இரண்டு வகை உண்டு. ஒன்று குண்டனின் தம்பி. அதே பருமன், கிட்டத்தட்ட அதே எடை. வாய் அகலமாகத் திறக்கும், மங்கிய அறையிலும் வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு வரும், முகத்துக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கரைத்துப் பஞ்சாக்கிவிடும். படக்காரர்கள் பாஷையில் அது 'டூ பாயிண்ட் எயிட்'. இன்னொன்று ஒல்லி. எடையில் பாதி, பையில் போட்டால் போட்டதே தெரியாது. ஆனால் வெளிச்சமும் பாதிதான் வரும், பின்புறமும் அவ்வளவாகக் கரையாது. அது 'எஃப் ஃபோர்'.

தோள் போன மனுஷன் பேசாமல் ஒல்லியை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று தோன்றும். மனைவிக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் சிக்கல் தோளில் இல்லை, வாயில் இருந்தது. இணையத்தில் படக்காரர்களின் குழு ஒன்றில் நம் ஆள் பத்து வருடமாக வாய் கிழியப் பேசி வைத்திருந்தார். எஃப் ஃபோர் என்பது சுற்றுலா போகிறவர்களுக்கானது என்று எழுதியிருந்தார். முகம் எடுக்கத் தெரிந்தவன் அதைத் தொட மாட்டான் என்று எழுதியிருந்தார். போன வருடம் ஒரு பெண், தனக்கு மணிக்கட்டு வலி இருப்பதால் இலேசான லென்ஸ் வாங்கலாமா என்று குழுவில் கேட்டபோது, 'வலிக்கிறது என்றால் வேறு வேலை பார்க்கலாம்' என்று பதில் போட்டிருந்தார். அதற்கு முப்பது பேர் கைதட்டியிருந்தார்கள். இப்போது அந்த வரி அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டையும் நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, விஞ்ஞான முறைப்படி சோதித்து, முடிவைக் குழுவில் போடுவது. அறிவிப்பும் கொடுத்துவிட்டார். ஒல்லி தோற்க வேண்டும் என்று அவர் வாய் ஆசைப்பட்டது, ஜெயிக்க வேண்டும் என்று தோள் ஆசைப்பட்டது. நடுவில் நின்ற மூளையை யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க எதிர்வீட்டுச் செங்கல் சுவரை எடுத்தார். லென்ஸ் சோதிக்கிறவர்களுக்குச் செங்கல் சுவரைப் போல ஒரு மாடல் கிடையாது. அசையாது, அலுத்துக்கொள்ளாது, 'நான் நல்லா வந்திருக்கேனா' என்று கேட்காது. ஒல்லியில் எழுபது படம், குண்டனின் தம்பியில் எழுபது படம். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, வீட்டை இடிக்கப் போகிறார்களா என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நூலகத்து வேலை முடிந்து வந்த மனைவி கணினித் திரையைப் பார்த்தார்.

"உங்ககிட்ட செங்கல்லா வந்து உக்காரப்போவுது? ஆளை வச்சு எடுத்துப் பாருங்க."

"நீ உக்காரியா?"

"நானா? போன தடவை முக்கால் மணி நேரம் உக்காந்தேன். கடைசியில திரைச்சீலை பிரமாதமா வந்திருக்குன்னு சொன்னீங்க. ஆளை விடுங்க."

அப்படித்தான் விஷயம் அக்காவிடம் போய் நின்றது.

படக்காரரைவிட அக்கா ஆறு வயது மூத்தவர், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். காது கேட்காத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடமாக ஆசிரியை. அந்தப் பிள்ளைகள் டீச்சரின் வாயைப் பார்த்துத்தான் சொல்லைப் பிடிப்பார்கள். அதனால் அக்காவின் முகத்துக்கு ஓய்வே கிடையாது. 'ஆ' என்றால் மோவாய் கழுத்து வரை இறங்கும், 'ஈ' என்றால் வாய் இரண்டு காதுக்கும் போய் வரும். கடையில் சோப்பு கேட்கும்போதுகூட அப்படித்தான் கேட்பார். இருபத்தைந்து வருடம் முடிந்ததற்காக அவர் படத்தைப் பள்ளிக்கூடத்து நடையில் மாட்டப்போகிறார்கள். நல்ல படமாக ஒன்று வேண்டும் என்று தலைமை ஆசிரியை கேட்டிருந்தார். ஆக இருவருக்கும் காரியம் ஆகும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா வந்தார். நாலு மணிக்கு முக்காலியில் உட்கார்ந்தார். படக்காரர் ஒல்லியை மாட்டினார்.

"முகத்தைக் கொஞ்சம் அசைக்காம வை."

"முகத்தை அசைக்காம இருந்தா எனக்கு யாருடா சம்பளம் குடுப்பா?"

"பேசாதே. பேசினா கன்னம் ஆடுது."

"இந்தக் கோடெல்லாம் எடுத்துடுவல்ல?" அக்கா மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கிய ஆழமான மடிப்பைத் தொட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் அது இருந்தது. இருபத்தைந்து வருட 'ஈ' போட்ட கோடு அது. "பள்ளிக்கூடம் இருக்கற வரைக்கும் அங்க தொங்கப்போறேன். கொஞ்சம் சின்னப் பொண்ணாட்டம் தொங்கறேனே."

"அதெல்லாம் ஒரு நிமிஷ வேலை. எடுத்துடலாம். இப்ப நேரா பாரு."

ஒன்றரை மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தார். நடுவில் அக்கா மூன்று தடவை வாயைத் திறந்தார். இடது காதுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார் முதலில். ஃபேன் காற்றாக இருக்கும் என்றார் படக்காரர், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல். பிறகு டீ சப்பென்று இருக்கிறது என்றார். தலையைச் சாய்க்காதே என்றார் படக்காரர். கடைசியில் இடது கண் எரிகிறது என்றார். அதற்கு நம் ஆள், "கண்ணைக் கசக்காதே, இமை மயிர்லதான் நான் கூர்மை பாக்கறேன்" என்றார். இந்த மூன்று பதிலையும் பின்னாளில் அவரே வரிசையாகச் சொல்லிக் காட்டுவார், தலையில் அடித்துக்கொண்டே.

அக்கா கிளம்பியதும் படக்காரர் கணினி முன்னால் உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். லென்ஸ் பார்க்கிறவர்கள் படத்தை முழுசாகப் பார்க்க மாட்டார்கள். ஒரு இமை திரை முழுவதையும் அடைக்கிற அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அப்படி ஒவ்வொரு மூலையாக ஊர்ந்து போனபோது அவருக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. வலது கன்னத்தில் அந்தக் கோடு வெட்டின மாதிரி விழுந்திருக்கிறது. இடது கன்னத்தில் அது வழவழவென்று மங்கிக்கிடக்கிறது. நெற்றியிலும் அப்படித்தான். வலது புருவத்துக்கு மேலே வரிகள் இருந்தன, இடது பக்கம் இல்லை என்றே சொல்லலாம். முதலில் எடுத்த படங்களில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து மணிக்கு மேல் எடுத்தவற்றில் தெளிவாகத் தெரிந்தது.

படக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளில் ஏதாவது ஒன்று மயிரிழை சாய்ந்திருந்தாலும் படத்தில் ஒரு பக்கம் கூர்மை போய்விடும். இது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கோளாறு. நேரம் ஆக ஆகச் சூட்டில் கூடியிருக்கும் என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். ஆக ஒல்லி தோற்றுவிட்டான். பத்து வருடப் பேச்சு காப்பாற்றப்பட்டது. தோள் முனகியது, யார் கேட்டார்கள்.

அக்காவின் வலது கன்னத்தையும் இடது கன்னத்தையும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்பு அம்பு போட்டு, குழுவில் பதிவேற்றினார். 'இலேசான லென்ஸின் இலட்சணம் இதுதான். இடது பக்கத்தைப் பாருங்கள். நான் சொன்னபோது சிரித்தவர்கள் எங்கே?' என்று கீழே எழுதினார். சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் அறுபது கைதட்டல்கள் விழுந்திருந்தன. நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை மனைவி நூலகத்துக்குக் கிளம்பிப் போன பிறகு அக்கா வந்தார். குண்டனின் தம்பியை வைத்து எடுக்க வேண்டிய முறை. அக்கா கைக்குட்டையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"பல் தேய்ச்சா தண்ணி வாயில நிக்க மாட்டேங்குதுடா. ஒருக்களிச்சுப் படுத்திருந்தேன் போல. முகமே ஒரு மாதிரி கனமா இருக்கு."

"கனத்தை நீ பேசாதே. இதைக் கையில பிடிச்சுப் பாரு, அப்பத் தெரியும் கனம்னா என்னன்னு."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் லென்ஸ் வழியாகத்தான் பார்த்தார், அதுவும் வலது கண் இமையை மட்டும்.

இருபது படம் எடுத்துக் கணினியில் போட்டார். பெரிதாக்கினார். அடுத்த நொடி முகத்தில் ஈயாடவில்லை. இடது பக்கம் மங்கல். நேற்றைவிட மோசமான மங்கல். வலது கோடு கத்தி மாதிரி இருக்க, இடது கன்னம் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது.

விலை உயர்ந்த லென்ஸிலும் அதே கோளாறு, அதே பக்கம். வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் இரண்டையும் கீழே போட்டுவிட்டாரா? அல்லது தன் கேமராவிலேயே கோளாறா? அப்படியானால் நேற்றுப் போட்ட பதிவை என்ன செய்வது? அறுபது கைதட்டல்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நிமிடம் அவர் பயந்தது தன் மானத்துக்காக மட்டும்தான்.

குழுவைத் திறந்தார். பறவைகளை மட்டும் எடுக்கிற ஒரு பெரியவர் அதில் இருந்தார். எல்லாரும் அவரைப் பறவைக்காரர் என்பார்கள். மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார். 'கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு படம் எடுத்துப் பார்த்தீர்களா?'

அது லென்ஸ்காரர்களின் பழைய சோதனை. கேமராவையும் லென்ஸையும் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து எடுத்தால், கருவியில் உள்ள மங்கல் கருவியோடு சேர்ந்து மறுபக்கம் போய்விடும். போகவில்லை என்றால் கோளாறு கருவியில் இல்லை. இதைக்கூடச் செய்யாமல் அம்பு போட்டாயா என்று கேட்காமல் கேட்டிருந்தார் மனிதர்.

"இன்னும் ஒரே ஒரு படம்" என்றார் படக்காரர். ஒன்றரைக் கிலோவைத் தலைகீழாகத் தூக்கி, முழங்கையை விலாவில் முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தோள் கதறியது.

"நானும் தலைகீழா உக்காரட்டுமா?" என்றார் அக்கா. அந்த 'உ'வும் 'கா'வும் கொஞ்சம் குழறினாற்போல இருந்தன.

படத்தைக் கணினியில் போட்டு நேராகத் திருப்பினார். மங்கல் மறுபக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்காவின் இடது கன்னத்திலேயே இருந்தது. ஒல்லியை மாட்டி இன்னொன்று எடுத்தார், தலைகீழாகவே. அதிலும் அக்காவின் இடது கன்னம்தான். வெளிச்சமாக இருக்குமோ என்று முக்காலியைத் திருப்பி, இடது கன்னத்தை ஜன்னல் பக்கம் வைத்து எடுத்தார். மங்கல் அக்காவோடு சேர்ந்து திரும்பியது.

லென்ஸ் இல்லை, கேமரா இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் அறையில் மிச்சம் இருந்தது அக்கா மட்டும்தான்.

அப்போதுதான் படக்காரர் அந்தப் படத்தைச் சுருக்கினார். இரண்டு நாளில் முதல் தடவையாக அக்காவின் முகம் முழுசாகத் திரையில் வந்தது. இடது வாயோரம் கீழே தொங்கியிருந்தது. இடது கண் வலதைவிடப் பெரிதாக, ஈரமாக, இமைக்க மறந்த மாதிரி இருந்தது. படத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். எந்த லென்ஸும் தேவையில்லை, அப்படியே தெரிந்தது. காலையில் கதவைத் திறந்துவிட்டபோதே தெரிந்திருக்கும், பார்த்திருந்தால்.

"அக்கா, பசங்களுக்கு 'ஈ' எப்படிச் சொல்லித் தருவே? சொல்லு."

அக்கா சொன்னார். வலது பக்கம் வாய் காது வரை போயிற்று. இடது பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கண்ணை இறுக்கி மூடு."

வலது கண் மூடியது. இடது கண் பாதியில் நின்று, கருவிழி மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரிந்தது. படக்காரருக்குப் பகீரென்றது.

"என்னடா? ஏன் அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்ல. செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டைப் பூட்டினாரா என்பதே பிறகு நினைவில்லை. கேமரா கழுத்தில் தொங்குவதே டாக்சியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. மனைவிக்குப் போன் செய்து, "அக்காவுக்கு முகம்... ஒரு பக்கம்..." என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் விழித்தார். "எந்த ஆஸ்பத்திரி, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் மனைவி. அக்கா தன் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். மூடிப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். கையைத் தூக்கச் சொன்னார், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. புருவத்தைத் தூக்கச் சொன்னபோது வலது புருவம் மட்டும் ஏறியது. அதைப் பார்த்ததும் டாக்டரின் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"பயப்படாதீங்கம்மா. மூளையில வர்ற வாதம்னா பெரும்பாலும் நெத்தி சுருங்கும். உங்களுக்கு நெத்தியும் அசையல, கை கால் நல்லா இருக்கு. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம். எப்ப ஆரம்பிச்சுது? மூணு நாளைக்குள்ள மருந்து ஆரம்பிச்சா நல்லது. அதுக்குத்தான் கேக்கறேன்."

"தெரியலையே டாக்டர். கண்ணாடியை நான் எங்க பாக்கறேன்" என்றார் அக்கா.

படக்காரர் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். "எனக்குத் தெரியும்" என்றார். ஒவ்வொரு படத்திலும் மணியும் நிமிடமும் இருந்தன. "நேத்து நாலு மணி பன்னெண்டு நிமிஷம். ரெண்டு பக்கமும் கோடு இருக்கு பாருங்க. நாலு ஐம்பது, லேசா மாறுது. அஞ்சு இருபது, நெத்தியில எடது பக்கம் வரியே இல்ல."

டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இவ்வளவு துல்லியமா யாரும் எங்கிட்ட சொன்னதில்ல."

படக்காரருக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. வெட்கங்கெட்ட மனசு, அந்த இடத்திலும் பாராட்டைக் கேட்டுத் தலையைத் தூக்கியது.

"அப்ப நேத்தே பாத்துட்டீங்க."

"பாத்தேன்."

"பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

"லென்ஸ் சரியில்லன்னு ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டேன்" என்றார் படக்காரர்.

டாக்டர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மருந்துச் சீட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த மனைவி சிரிக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் பத்து வருடத்துத் திரைச்சீலைகளும் செங்கற்களும் இருந்தன.

ஸ்கேனில் பயப்பட எதுவும் இல்லை. மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை ஒட்டி வைக்க ஒரு டேப். முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும், வாரக் கணக்கில் ஆகலாம், மாதக் கணக்கிலும் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடும் என்றார் டாக்டர். அக்காவுக்கு அந்தக் கடைசிப் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

தம்பி வீட்டுக்குத்தான் அழைத்து வந்தார்கள். அக்கா முன்னறை முக்காலிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"என் வாயைப் பாத்துத்தான்டா அந்தப் பசங்க பேசக் கத்துக்கறாங்க" என்றார். "நான் கோணலா சொன்னா அவங்களும் கோணலாத்தான் சொல்லுவாங்க. போர்டுல எழுதிப் போட்டு சமாளிக்கற பாடமா இது? முகம் போனா எனக்கு என்னடா இருக்கு?"

படக்காரர் தரையில் உட்கார்ந்தார். "நேத்தே சொன்னே, காது வலிக்குதுன்னு. டீ சப்புன்னு இருக்குன்னு. நான் காதுலயே வாங்கல. என்னை மன்னிச்சிடுக்கா" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிற ஆள், முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சரி விடு. நீ எடுக்காம இருந்திருந்தா திங்கக்கிழமை வகுப்புல பசங்கதான் கண்டுபிடிச்சிருப்பாங்க. அதுக்குள்ள நாள் ஓடிப்போயிருக்கும்." அக்கா கைக்குட்டையால் தன் இடது கண்ணைத் துடைத்தார். "நான் அழலடா. மருந்து."

அன்று சாயங்காலமே படக்காரர் குழுவில் எழுதினார். சுற்றி வளைக்கவில்லை. 'நேற்று நான் காட்டியது லென்ஸின் கோளாறு அல்ல. என் அக்காவின் முக நரம்பு. லென்ஸ் இரண்டும் நன்றாக இருக்கின்றன. சோதித்த ஆளுக்குத்தான் ஒரு பக்கம் மங்கல். போன வருடம் மணிக்கட்டு வலி பற்றிக் கேட்ட தங்கைக்கு நான் சொன்ன பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கும் தோள் வலி. பத்து மாதமாக.' எழுதிவிட்டு யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்காமல் மூடினார். மறுநாள் பார்த்தபோது பறவைக்காரர் 'அக்கா எப்படி இருக்கிறார்?' என்று மட்டும் கேட்டிருந்தார். அந்தத் தங்கை, தான் போன வருடமே எஃப் ஃபோர் வாங்கிவிட்டதாகவும், நன்றாக உழைக்கிறது என்றும் எழுதியிருந்தார். மூக்கு சுத்தமாக அறுபட்டது. ஆனால் இந்தத் தடவை அவ்வளவாக வலிக்கவில்லை.

குண்டனின் தம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒல்லியை வாங்கினார். தோளுக்காக என்றுதான் எல்லாரிடமும் சொன்னார். வேறு காரணமும் இருந்தது. முகத்துக்கு எவ்வளவு அசைவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க, வாரம் ஒரு தடவை ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா 'ஆ' சொல்ல வேண்டும், 'ஈ' சொல்ல வேண்டும், கன்னத்தை உப்ப வேண்டும், புருவத்தைத் தூக்க வேண்டும். படக்காரர் அரை மணி நேரம் கேமராவைக் கை நடுங்காமல் தூக்கிப் பிடிக்கவேண்டும், காது முதல் மூக்கு வரை எல்லாம் கூர்மையாக விழவேண்டும். எதையும் கரைக்கிற வேலை அங்கே இல்லை.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. மூன்றாம் வாரம் அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தார். பிள்ளைகள் ஆளாளுக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவருடைய வலது பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டார்களாம். "அந்தப் பக்கத்துல நல்லாத் தெரியுதாம். நான் சொல்லாமலே இடம் மாத்திக்கிட்டாங்க" என்று வந்து சொன்னார். சொல்லும்போது பெருமையா அழுகையா என்று தெரியவில்லை. நாலாம் வாரம் வாயோரம் கொஞ்சம் ஏறியதாக மனைவி சொன்னார். ஆனால் படத்தில் இல்லை. ஆசையில் சொல்கிறாள் என்று படக்காரருக்குத் தெரிந்தது.

ஏழாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை 'ஈ' எடுத்து முடித்தார். படத்தைக் கணினியில் போட்டுப் பழைய பழக்கம் போலப் பெரிதாக்கினார். வலது கன்னத்தை விட்டுவிட்டு நேரே இடதுக்குப் போனார். பதினான்கு வருடமாக ஆட்களின் முகத்திலிருந்து கோடு அழித்தே சாப்பிட்ட மனிதர், ஒரு கோட்டைத் தேடித் திரையில் மூக்கை முட்டிக்கொண்டிருந்தார். மூக்கோரத்தில் ஆரம்பித்து, வாயோரத்துக்குப் பாதி தூரம் வரை, நூல் மாதிரி ஒன்று இறங்கியிருந்தது.

மயிரோ என்று பார்த்தார். தூசியோ என்று திரையைத் துடைத்தார். போன வாரத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதில் இல்லை. பிறகு என்ன நினைத்தாரோ, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு 'ஈ' எடுத்தார். கோடு அக்காவின் இடது கன்னத்திலேயே இருந்தது.

"அக்கா, இங்க வா."

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். மனைவியும் வந்து எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் ஒரு சுருக்கத்தை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதையே பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடு" என்றார் அக்கா.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே. முழுசா சரியானதும் எடுக்கலாம். ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்துடும்."

"வேணாம். பசங்களுக்கு இந்த முகம்தான் இப்பத் தெரியும்." அக்கா திரையில் அந்த நூலை விரலால் தொட்டார். "இந்தக் கோட்டை மட்டும் எடுத்துடாதடா."

படத்தை அச்சுப் போட்டுச் சட்டம் மாட்டுகிற கடைக்கு எடுத்துப் போனார் படக்காரர். கடைக்காரர் அதை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எத்தனையோ படம் பார்த்த கண்.

"நல்ல படம் சார். ஆனா எடது பக்கம் கொஞ்சம் மங்கலா விழுந்திருக்கே. லென்ஸ் சரியில்லையோ?"

"லென்ஸுக்கு ஒண்ணுமில்ல" என்றார் படக்காரர். "அந்த மங்கல் முகத்துலதான். இப்ப சரியாகிட்டு வருது."